சிவந்த மண்ணில் பீப் சத்தம்

புதையல் ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் கருவியின் விலையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காலடி மண்ணை.

நோட்டீஸ் நான்கே பக்கம். வழவழப்பான காகிதம், பொன்னிற எழுத்து, முகப்பில் காசு வழியும் ஒரு பானை. இங்கிலீஷில் அச்சாகியிருந்த அதை என்னிடம் நீட்டி, "இதை ஒண்ணு தமிழ்ல எழுதித் தா மக்கா. கடைசிப் பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு முதல்ல வாசிச்சுச் சொல்லு" என்றார் மாமா. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் உறவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வந்து சேரும். இன்ஷூரன்ஸ் கடிதம், வளைகுடா வேலை ஒப்பந்தம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த முறை வந்தது பூமிக்குள் தங்கம் தேடும் கருவியின் விளம்பரம்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது பணம் கட்டும் விதிமுறை. முன்பணம் 2 லட்சம் ரூபாய். கருவி கைக்கு வந்த பிறகு மீதி. முன்பணம் எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்ற வரி மட்டும் மற்ற எழுத்தில் பாதி அளவில் இருந்தது. அதை உரக்கப் படித்தேன். மாமா கூரையைப் பார்த்தார்.

மாமாவின் ஊர் செங்கல். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் வழியில், உதியன்குளங்கரையை ஒட்டிய பஞ்சாயத்து. சில கிலோமீட்டர் தெற்கே போனால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் மாமா வீட்டு மொழியைக் கேட்டுப் போடவில்லை. மகேஸ்வரம் கோயிலின் 111 அடி சிவலிங்கத்தைப் பார்க்க வருகிறவர்களால் இப்போது ஊர்ப் பெயர் வெளியூரிலும் தெரிகிறது. தமிழ்க் காதுக்குச் செங்கல் என்றால் சூளையில் சுட்டது. மலையாளத்தில் அதே சொல், மண்ணிலிருந்து வெட்டி எடுத்து அப்படியே சுவர் வைக்கும் சிவப்புக் கல்லைக் குறிக்கும். வெட்டுக்கல் என்றும் சொல்வார்கள். அந்தக் கல்லால் கட்டிய ஓட்டு வீட்டை மாமா இந்த வருடம் இடிக்கிறார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

வீட்டைக் கட்டியவர் மாமாவின் தாத்தா. 1938ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கவிழ்ந்தபோது அவருடைய பணமும் போனது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. அதற்குப் பிறகு அவர் வங்கியின் பக்கமே போகவில்லை, கையில் வந்ததை எல்லாம் செம்புக் குடத்தில் போட்டு எங்கோ புதைத்தார் என்பது சிலர் மட்டும் நம்பும் செய்தி. எங்கே என்று கேட்டால் கிணற்றடி என்பார்கள், மாட்டுக்கொட்டில் என்பார்கள், பலா மூடு என்பார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய மாமாவின் மகன் இதை நம்புகிறவர்களில் ஒருவன். நோட்டீஸைக் கொண்டுவந்ததும் அவன்தான்.

இதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. சிரிக்க விடாதபடி நாட்டில் காரியங்கள் நடக்கின்றன. செங்கலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில். 2011 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி அதன் நிலவறைகளைத் திறந்தபோது வெளியே வந்த பொன்னுக்குப் பத்திரிகைகள் போட்ட மதிப்பு லட்சம் கோடிக்கு மேல். அந்த மாதத்திலிருந்து தென் திருவிதாங்கூரில் ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் ஒரு நிலவறை முளைத்துவிட்டது. 2019 டிசம்பரில் கிளிமானூர் அருகே ஒருவர், லாட்டரிப் பரிசுப் பணத்தில் வாங்கிய நிலத்தைக் கொத்தியபோது பானை ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே 2,595 செப்புக் காசுகள், மொத்தம் 20 கிலோ 400 கிராம். எல்லாம் மூலம் திருநாள், சித்திரைத் திருநாள் காலத்துத் திருவிதாங்கூர்க் காசுகள். இரண்டு மாதம் கழித்து, 2020 பிப்ரவரியில், திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம் நிறைய 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1 கிலோ 716 கிராம். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் (மாமாவின் மகன் இந்த ஊர்ப் பெயரை ஒரு சகுனமாகவே எடுத்துக்கொண்டான்) வேலை உறுதித் திட்டப் பெண்கள் ரப்பர்த் தோட்டத்தில் மழைக்குழி வெட்டினார்கள். ஒரு பாத்திரம் வந்தது. வெடிகுண்டோ என்று பயந்து முதலில் தூர எறிந்தார்கள். உள்ளே 17 முத்துமணிகள், 13 தங்கப் பதக்கங்கள், மோதிரங்கள், வெள்ளிக் காசுகள். போலீசுக்குச் சொல்லி ஒப்படைத்தார்கள்.

இந்த மூன்று மண்ணடிப் புதையல்களையும் நான் மாமாவின் மகனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்: இதில் எதில் மெட்டல் டிடெக்டர் இருந்தது? எதிலும் இல்லை. மண்வெட்டிதான் இருந்தது. அவர்கள் யாரும் தேடவும் இல்லை.

அவன் அசரவில்லை. "அவங்களுக்கு அறியாம கிடைச்சுது அண்ணா. நாம அறிஞ்சு தேடினா?" நியாயமான கேள்விதான். ஆகவே நோட்டீஸை வரி வரியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நோட்டீஸ் சொன்னது இது: கையில் ஒரு பிடி, அதில் சுழலும் ஒரு ஆன்டெனா. 'தங்கம்' என்று பொத்தானை அமுக்கினால் தங்கத்தின் மூலக்கூறு அதிர்வெண்ணோடு கருவி இணைந்துகொள்ளும். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில், 30 மீட்டர் ஆழம் வரை எங்கே தங்கம் இருந்தாலும் ஆன்டெனா அந்தத் திசைக்குத் திரும்பும். எத்தனை காரட் என்றும் திரையில் தெரியும். மொழிபெயர்ப்பதற்கு இவ்வளவு எளிதான இங்கிலீஷ் எனக்குச் சமீபத்தில் கிடைத்ததில்லை. எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லாதபோது வேலை சுலபம்.

திசை காட்டும் ஆன்டெனாவின் குடும்ப வரலாறு நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் குவாட்ரோ டிராக்கர் என்ற ஒன்றைப் பள்ளிக்கூடங்களும் போலீஸும் போதைமருந்து தேட வாங்கின. திறந்து பார்த்தால் உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவும் இல்லை. 1996ல் எஃப்.பி.ஐ. அதன் விற்பனையை நிறுத்த வைத்தது. அடுத்தது ஏ.டி.இ. 651. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர், கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருள் என்று 20 டாலர் அளவில் விற்ற ஒன்றைப் பார்த்து அமைத்தது. இராக்கின் சோதனைச் சாவடிகளில் வெடிகுண்டு தேட அதை ஆயிரக்கணக்கில் வாங்கி நம்பி நின்றார்கள். குண்டுகள் வெடித்துக்கொண்டே இருந்தன. 2013 மே மாதம் லண்டன் நீதிமன்றம் மெக்கார்மிக்குக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. மாமாவின் நோட்டீஸில் இருந்த படம் அந்தக் குடும்பத்தின் சாயலில்தான் இருந்தது. அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் சொம்பு என்று நம் பக்கத்தில் லட்சக்கணக்கில் பறிகொடுத்தவர்களின் கதை இரண்டு மாநில எல்லைப் போலீஸ் நிலையங்களுக்கும் பழக்கமானது. இது அதன் பேட்டரி போட்ட வடிவம்.

உண்மையான மெட்டல் டிடெக்டர் அடக்கமான பிராணி. அது எட்டு அங்குலம் வரை பேசும். அதற்கு மேல் ஆழத்தில் ஒற்றைக் காசு கிடந்தால் பெரும்பாலும் வாய் திறக்காது.

அதன் பிறப்புக் கதையிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் தோட்டா எங்கே என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல், கம்பிச் சுருள்களைக் கொண்டு உலோகத்தை உணரும் கருவி ஒன்றை அவசரமாகச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். கருவி வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள் இருந்தன. தோட்டா இந்தப் பக்கம்தான் என்று பிடிவாதமாக நம்பிய டாக்டர், அந்தப் பக்கத்தை மட்டுமே தேட அனுமதித்தார். தோட்டா அகப்படவில்லை. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்டு இறந்தார். சுற்றிலும் இருக்கும் இரும்பும், "இங்கேதான் இருக்கும்" என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் நல்ல கருவியும் தோற்கும். செங்கல் முற்றத்தில் எனக்கு இது இரண்டாம் முறை நினைவுக்கு வரப்போகிறது.

வேலை செய்யும் முறை கடினமானதல்ல. கோலின் நுனியில் இருக்கும் தட்டில் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறி ஓடுகிறது. தட்டுக்கு அடியில் காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தில் காசு சிக்கினால் காசுக்குள்ளும் சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அது தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்புகிறது. இரண்டாவது சுருள் அதைக் கேட்டு பீப் என்கிறது. எதிரொலி மாதிரிதான். போகும்போதும் திரும்பும்போதும் அந்தப் புலம் வேகமாக மெலிந்துவிடும் என்பதுதான் சங்கடம். ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வருவது பாதியாகாது. ஏறக்குறைய 64ல் ஒரு பங்காகிவிடும். 30 மீட்டர் என்று ஒருவன் நோட்டீஸ் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். திருவானைக்காவலில் பாத்திரம் கிடைத்தது சுமார் ஏழு அடி ஆழத்தில். மலிவான எந்தக் கருவியும் அதன் மேலே நடந்து போயிருக்கும்.

நண்பர் ஒருவரிடம் மலிவு விலைக் கருவி இருந்தது. அவர் கடற்கரையில் ஓய்வு நேரத்தில் நடக்கிறவர். இரவல் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கலுக்குப் போனேன். மாமா, மகன், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரு நாய் ஆகியோர் முன்னிலையில் சுவிட்சைப் போட்டேன். தட்டைத் தரையில் இறக்கியதும் கருவி கத்த ஆரம்பித்தது. நகர்த்தினாலும் கத்தியது. நிறுத்தினாலும் கத்தியது. "குடம் பெரிசு போல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

குடம் இல்லை. கத்தியது மண். லேட்டரைட் என்று புவியியல் சொல்லும் இந்தச் சிவப்புக்குப் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1800ல் மலபாரில் பயணம் போனவர், அங்காடிப்புரத்தில் இதைச் செங்கல் மாதிரி வெட்டி எடுப்பதைப் பார்த்து, செங்கலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். 1807ல் வெளியான அவருடைய நூல் மூலம் அது உலகத்துக்குப் போனது. அதாவது மாமாவின் ஊர்ப் பெயரும் விஞ்ஞானப் பெயரும் ஒன்றே. பெருமழை மற்றதை எல்லாம் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிய மண் இது. சிவப்பு நிறமே இரும்பின் துரு. அந்த இரும்பு ஆக்சைடுகளில் சில காந்தத்துக்கு மசிகிறவை. மலிவுக் கருவியின் காதுக்கு மண்ணே ஒரு பெரிய உலோகத் தகடு. ஆப்பிரிக்காவிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கு இதே சிவப்பு மண் உயிர்ப் பிரச்சினை. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினை.

கடற்கரைக்குப் போனால் நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் படியும் கறுப்பு மணலில் இல்மனைட்டும் மற்ற கன தாதுக்களும் இருக்கின்றன. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டும் சேர்ந்தால் கருவி அங்கேயும் புலம்பும்.

கருவியின் உணர்திறனைப் பாதியாகக் குறைத்தபோது முற்றம் அடங்கியது. அதோடு ஆழமும் குறைந்தது. ஒரு பழைய ஒரு ரூபாய்க் காசை நானே புதைத்துப் பார்த்தேன். மூன்று அங்குலத்தில் தெளிவாகச் சொன்னது. ஐந்தில் தயங்கியது. ஏழில் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்தில் கிடைத்தவை: ஓட்டு ஆணிகள் ஒரு கைப்பிடி, மாட்டு லாடம் ஒன்று, டார்ச் மூடி, மாத்திரை அட்டைகளின் பளபளப்புத் தாள், பிராந்தி பாட்டில் மூடிகள் (மாமா இவற்றை விசாரிக்க வேண்டாம் என்றார்), அலுமினியம் ஐந்து பைசா ஒன்று. ஒவ்வொரு பீப்புக்கும் நாலு பேர் குனிந்தோம்.

இந்த மூன்று மணி நேரம் எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லாததைச் சொல்லிக் கொடுத்தது. கருவி வாங்க விரும்புகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

செங்கல் மாதிரி மண்ணில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சமன் செய்துகொள்ள வழி உண்டா என்பது. கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். தட்டை நாலு தடவை தரையில் ஏற்றி இறக்கினால் கருவி அந்த மண்ணின் சத்தத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு அதைக் கழித்துவிட்டுக் கேட்கும். மிக மலிவான கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் பூட்டப்பட்டிருக்கும். பெயர் பெற்ற அமெரிக்கத் தயாரிப்பான காரெட் ஏஸ் 250கூட அப்படித்தான். 6.5 கிலோஹெர்ட்ஸில் ஓடும் உறுதியான கருவி, ஏராளமானோர் கற்றுக்கொண்டது அதில்தான். ஆனால் அது பழகிய மண் வேறு. துருக்கியின் நோக்டா 2019ல் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் வரிசையில் மண் சமன் வசதி இருக்கிறது, தண்ணீரிலும் முக்கலாம். அதே வருடம் ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கொண்டுவந்த வான்குவிஷ் பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்கிறது. மண்ணின் சத்தத்தையும் காசின் சத்தத்தையும் பிரிக்க அது உதவுகிறது. தட்டைத்தான் நனைக்கலாம், பெட்டியை நனைக்கக் கூடாது. வெளிநாட்டில் இந்த ரகங்கள் அறிமுகமானது 200 முதல் 300 டாலர் அளவில். இங்கே கப்பல் கூலியும் சுங்கமும் ஏறித்தான் வரும். பெயர் தெரியாத மஞ்சள் கருவிகள் இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கின்றன. கடற்கரையின் வெள்ளை மணலில் குழந்தைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பல்ஸ் இன்டக்ஷன் என்று இன்னொரு ஜாதி உண்டு. சிவப்பு மண்ணைப் பற்றி அது அதிகம் கவலைப்படாது, ஆழமும் கூடுதல். ஆனால் இரும்பு எது மற்றது எது என்று பிரிப்பதில் பலவீனம். பழைய வீட்டு முற்றத்தில் அதை இறக்கினால் கடைசி ஆணி வரை தோண்ட வேண்டியிருக்கும்.

மற்ற கருவிகளும் பிரித்துச் சொல்வதாகப் பெருமை பேசுகின்றன. ஓரளவு உண்மை. இரும்பை ஒதுக்குவதில் பழுதில்லை. தங்கத்தில்தான் சூழ்ச்சி இருக்கிறது. மெல்லிய தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவிட்டால் மோதிரமும் அதோடு போகும். தங்கம் வேண்டுமென்றால் மாத்திரை அட்டைகளையும் தோண்டித்தான் ஆக வேண்டும். 'தங்கம் மட்டும்' என்று பொத்தான் வைத்த கருவியை எவன் விற்றாலும் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

நம் பகுதிக்கென்று இன்னொரு தொல்லை. திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் அரை கிராம் எடைகூட இல்லாத காசு. 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். விரலால் எண்ண முடியாது என்பதால் குழிகள் வரிசையாகக் கொத்திய மரப்பலகையில் அள்ளிக் கொட்டி, குலுக்கி, வழித்து எண்ணினார்கள். சக்கரப் பலகை என்று பெயர். அந்த அளவுக் காசு ஒன்று மண்ணில் தனியாகக் கிடந்தால், விலை உயர்ந்த கருவியே இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான் கேட்கும். பானையோடு கிடந்தால் கதை வேறு. தட்டும் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஆணி நிறைந்த இடத்தில் சிறிய தட்டுதான் இரண்டு ஆணிக்கு நடுவே இருக்கும் காசைத் தனியாகக் காட்டும். மிச்சப்படும் பணத்தில் குழிக்குள் விட்டுத் தேடும் சிறு கைக்கருவி ஒன்று வாங்கலாம். முதுகு நன்றி சொல்லும்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் மண்ணில், உங்கள் காசை, நீங்களே புதைத்து, விற்பவரைத் தேடச் சொல்லுங்கள். மேஜை மேல் காசை ஆட்டிக் காட்டுவதை ஏற்க வேண்டாம். காற்றில் எல்லாக் கருவியும் கெட்டிக்காரன்தான். நோட்டீஸில் இருந்த நம்பரைக் கூப்பிட்டு மாமாவின் மகன் இதைக் கேட்டான். முன்பணம் வந்த பிறகுதான் செயல்விளக்கம் என்றார்கள்.

கிடைத்துவிட்டால்? இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. கருவியை வைத்திருப்பதைப் பற்றி நம் புதையல் சட்டங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்ததைப் பற்றி நிறையச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு பதிந்த எதிலுமோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். வீட்டுச் சுவரும் இதில் அடங்கும். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது ஜாமீன் தர வேண்டும். 1878ல் 10 ரூபாய் என்பது பெரும் பணம். அந்த எண்ணை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்குள் விசாரணை வைப்பார். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசுக்கு வேண்டுமென்றால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. களியக்காவிளைக்கு வடக்கே, செங்கலில், இந்தச் சட்டம் செல்லாது. கேரளத்துக்கு 1968ல் தனிப் புதையல் சட்டம் வந்துவிட்டது. கிடைத்ததை உடனே அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே குரல்.

இதன் மேல் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியின்றி மண்ணைத் தொடுவதே குற்றம். பாழடைந்த கோயில், பழைய கோட்டை, முதுமக்கள் தாழி தெரியும் மேடு ஆகியவைதான் புதையல்காரர்களின் கண்ணில் முதலில் படுபவை. கருவியோடு கால் வைக்கவே கூடாத இடங்களும் அவைதான்.

பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 1996ல் புதையல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். மறு வருடத்திலிருந்து, வயலில் கிடைக்கும் சிறு பொத்தானைக்கூடப் பதிவு செய்ய மாவட்டந்தோறும் அலுவலர்கள் வந்தார்கள். 2009ல் ஸ்டாஃபர்ட்ஷயரில் மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவர் உழுத வயலில் ஆங்கிலோ சாக்சன் தங்கக் குவியலைக் கண்டார். 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என்று மதிப்பிட்டு, அவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி கொடுத்து, பொருளை மியூசியங்கள் வாங்கின. இங்கே அப்படிப் போய்ச் சொல்ல ஒரு ஜன்னல் இல்லை. சொன்னால் வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்ற பயத்தில் எத்தனை காசுகள் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கப்பட்டன என்பது நகைப்பட்டறைகளுக்குத்தான் தெரியும். பொழுதுபோக்குக்காரர்களைத் திருடர்களாகவே பார்க்கும் வரை இது மாறாது என்பது என் அபிப்பிராயம். தொல்லியல்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் வலு இருக்கிறது.

புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 1898ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மேல் உளியால் வெட்டிய தழும்பு. மறுபடி காசாகச் செலாவணி ஆகக் கூடாது என்று யாரோ செய்த வேலை என்கிறார்கள். காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் வெட்டியது யார், எந்த அதிகாரத்தில், புதைத்தது வீட்டிலா, சந்தையிலா, வழியிலா? பக்கத்தில் கிடந்த ஓட்டுச் சில்லும் கரித்துண்டும் சொல்லியிருக்கும். அவற்றை யாரும் பார்க்கவில்லை. எர்ணாகுளம் மாவட்டம் வள்ளுவள்ளியில் 1983ல் கிடைத்த 252 ரோமானியத் தங்கக் காசுகளைப் பார்க்கும்போதும் இதே கேள்விகள்தான் வருகின்றன.

இதைச் சொன்னபோது மாமா கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்போ குடம் கிடைச்சா முதல்ல போட்டோ எடுக்கணும், இல்லியா?" என்றார். ஆமாம், தொடாமல் எடுக்க வேண்டும், ஆழத்தை அளக்க வேண்டும், பிறகு போலீசுக்கோ வில்லேஜ் ஆபீசருக்கோ போன் செய்ய வேண்டும் என்றேன். மகன் வாயைத் திறக்கவில்லை. 2 லட்சம் அவன் பாலைவனத்தில் சேர்த்த பணம். அதன் மேல் ஆசை குறைந்ததா, கருவியின் மேல் நம்பிக்கை குறைந்ததா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கருவியை மூட்டை கட்டப் போனபோது மாமி வந்து, ஒரு உபகாரம் செய்ய முடியுமா என்று கேட்டார். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் பழைய இரும்பு பைப் முற்றத்தில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒழுகுகிறது. பிளம்பர் இரண்டு தடவை தோண்டிப் பார்த்துவிட்டுக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கேட்டிலிருந்து ஆரம்பித்தேன். காசுக்குத் தயங்கிய கருவி பைப்புக்குத் தயங்கவில்லை. பீப் சத்தம் நேர்கோட்டில் பலா மரம் வரை வந்து, அங்கே இடது பக்கம் திரும்பி, கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனது. மாமாவின் மகன் பின்னாலேயே சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டு வந்தான். மாமி பிளம்பருக்குப் போன் செய்து திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். கருவியை இன்னும் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவர் வீட்டிலும் ஒரு பைப் ஒழுகுகிறதாம்.